தீப்பெட்டியும் சாக்பீஸும் அச்சடித்த எலும்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் செட்டுப் பிள்ளைகள் யாரென்று கண்டுபிடித்தாலும் கமெண்டில் போடாதீர்கள். அவன் தம்பிக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் இடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. கெட்டுப்போன துண்டுகளை எடுத்த பிறகு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் பயம். "இருக்கிற இடுப்பையும் வெட்டிட்டா அவன் எப்படி மூட்டை தூக்குவான்?" என்று அம்மா அழுகிறார்கள்.

"டீச்சர், இப்ப எலும்பை பிரிண்ட் பண்றாங்களாமே, வீடியோ வந்துச்சு. ஒருத்தர் வாங்கித் தர்றேன்னு அட்வான்ஸ் கேக்கறாரு. ஆறு மாசம் காத்திருந்து அதையே வெச்சுக்கலாமா?"

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு உங்களுக்கெல்லாம் அறிவியல் நடத்தியவள், அவ்வளவுதான். ஆனால் அந்த வீடியோவில் சொல்வது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. இந்த விஷயம் எங்கே தொடங்கி இப்போது எங்கே நிற்கிறது என்று இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். எலும்பு என்றால் கால்சியம் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அது பாதிதான். எலும்பில் உள்ளது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாது. அதற்கு ஹைட்ராக்ஸி அபடைட் என்று பெயர். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதுதான். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். கோழி எலும்பை வினிகரில் நான்கு நாள் ஊறப்போட்டு ரப்பர் மாதிரி வளைத்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? தாது கரைந்து நார் மட்டும் மிஞ்சியது. அதே எலும்பை அடுப்பில் போட்டுச் சுட்டால் நார் எரிந்து தாது மட்டும் மிஞ்சும். வெள்ளையாக இருக்கும், விரலால் தட்டினால் நொறுங்கும். இந்த இரண்டாவது சோதனையை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தப் பாஸ்பரஸுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டி ஆலையால் வந்தது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. இப்போது மெட்ரோ ஸ்டேஷன் பெயராக மட்டும் தெரிந்துவைத்திருக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1769 முதல் 1771 வரையிலான ஆண்டுகளில் ஸ்வீடனில் கான், ஷீலே என்ற இருவர் எலும்பில் பாஸ்பரஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, எலும்புச் சாம்பலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வழியையும் கண்டார்கள். அதற்குப் பிறகு வண்டி வண்டியாக எலும்பை எரித்துத்தான் தீக்குச்சிக்குப் பாஸ்பரஸ் எடுத்தார்கள். அது வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல் வலியில் தொடங்கி, தாடை எலும்பே அழுகிச் செத்தது. 1840களிலேயே வியன்னாவில் ஒரு மருத்துவர் இதை எழுதிவிட்டார். தாடையை அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எலும்பிலிருந்து எடுத்த பொருள் எலும்பையே தின்றது.

1888 ஜூலையில் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே ஆலையின் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆலையில் அவர்கள் படும் பாட்டை அதற்கு முந்தைய மாதம் பத்திரிகையில் எழுதியவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். நம் பெசன்ட் நகர் பெசன்ட் அம்மையார்தான். பிறகு அடையாறுக்கு வந்து, 1933ல் அங்கேயே காலமானார். 1906ல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் உடன்படிக்கை வந்தது. இந்தியாவில் 1913ல் தனிச் சட்டம் வந்தது. நம் ஊர் ஆலை அதற்குப் பிறகு வந்தது. சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் ஓரத்தில் பூசும் வகைதான் இங்கே, அதனால் அந்தத் தாடை நோய் நம் ஆட்களுக்கு வரவில்லை. ஒரு பொருள் ஆபத்து என்று தெரிந்ததற்கும் அதைத் தடுத்ததற்கும் நடுவில் அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, பாருங்கள்.

சரி, எலும்பு இடைவெளிக்கு வருவோம்.

இதில் மிகப் பழைய கதை ஒரு நாயின் எலும்பு. யோப் வான் மீக்கரென் என்ற டச்சு அறுவை மருத்துவரின் நூல் 1668ல் வெளிவந்தது. மண்டையோடு உடைந்த ஒரு ரஷ்ய வீரனுக்கு நாயின் மண்டை எலும்பை வைத்து அடைத்ததாகவும், அது பொருந்திவிட்டதாகவும் அதில் இருக்கிறது. மனிதன் தலையில் நாய் எலும்பா என்று திருச்சபை அவனை விலக்கி வைத்ததாம். எடுத்துவிடுங்கள் என்று திரும்பி வந்தால், எடுக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதாம். அவர் காதால் கேட்டு எழுதியது, எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். 1880ல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கவென் ஒரு சின்னப் பையனின் அழுகிய கையெலும்புக்குப் பதில், வேறு பிள்ளைகளின் வளைந்த காலை நிமிர்த்தும்போது வெட்டியெடுத்த துண்டுகளை வைத்து வளரச் செய்தார். அது நன்றாகப் பதிவான சம்பவம்.

அவரவர் எலும்பையே எடுத்து வைப்பதுதான் இன்றுவரை முதல் தரமான வழி. அதில் தாது இருக்கிறது, நார் இருக்கிறது, உயிருள்ள செல்களும் இருக்கின்றன. உடம்பு அதை அந்நியனாகப் பார்ப்பதில்லை. குறை என்னவென்றால், எடுத்த இடத்தில் வலி இருக்கும். அதோடு, எடுக்கிற அளவுக்கும் எல்லை உண்டு. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் நூறு வருஷத்துக்கு மேலாகத் தேடுகிறார்கள்.

அந்தத் தேடலில் முதலில் வந்தது நம் சாக்பீஸ். சிரிக்காதீர்கள். 1892ல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பிப் பார்த்தார். நாம் கரும்பலகையில் எழுதிய சாக்பீஸும் அந்தப் பிளாஸ்டர்தான். சில குழிகள் ஆறின. ஆனால் பிளாஸ்டர் சில வாரங்களிலேயே கரைந்துவிடும். புது எலும்பு வருவதற்குள் சுவர் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது? 1920ல் நியூயார்க்கில் ஃபிரெட் ஆல்பீ என்ற எலும்பு மருத்துவர் கால்சியம் பாஸ்பேட்டை முயல்களின் எலும்பு இடைவெளியில் செலுத்தி, எதுவும் செலுத்தாத முயல்களோடு ஒப்பிட்டார். செலுத்தியவற்றில் சீக்கிரம் கூடியது. இந்த "எதுவும் செலுத்தாத முயல்" தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அது இல்லாவிட்டால், தானாகவே ஆறுகிற எலும்புக்கு மருந்து பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். நாட்டுக் கட்டு போட்டு எலும்பு கூடியது என்று சொல்கிறோமே, அங்கேயும் இதே கேள்விதான். வழுவாமல் முறிந்த எலும்பு அசையாமல் இருந்தாலே பெரும்பாலும் கூடிவிடும். மூன்று சென்டிமீட்டர் காணாமல் போன இடத்தில் எந்தக் கட்டும் எலும்பைக் கொண்டுவராது.

அடுத்தது ஒரு பஸ் பயணம். 1967ல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் என்ற கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சியாளர் ஒரு கருத்தரங்குக்குப் பஸ்ஸில் போகிறார். பக்கத்து சீட்டில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவக் கர்னல். உடம்பு நிராகரிக்காத ஒரு பொருளை உங்களால் செய்ய முடியாதா, கை கால்களை வெட்டி வெட்டி எடுக்கிறோமே என்று அவர் கேட்டிருக்கிறார். ஹென்ச் எலும்பில் உள்ள கால்சியத்தையும் பாஸ்பரஸையும் சேர்த்து ஒரு கண்ணாடி உருக்கினார். புளோரிடாவில் கிரீன்லீ என்ற மருத்துவர் அதை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார். ஆறு வாரம் கழித்து ஹென்ச்சுக்குத் தகவல் சொன்னார்: வைத்தது வெளியே வர மாட்டேன் என்கிறது, இழுத்தாலும் அசைத்தாலும் எலும்பைவிட்டு நகரவில்லை. இது 1969ல். அந்தக் கண்ணாடி முதன்முதலாக ஒரு பொருளாக மருத்துவமனைக்கு வந்தது 1980களின் நடுவில்தான், அதுவும் காதுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு எலும்புக்கு. எலி ஒத்துக்கொண்ட பிறகும் பதினைந்து வருஷம்!

1970ல் ஹல்பர்ட் என்பவர் குழுவினர் இன்னொரு விஷயத்தைக் கண்டார்கள். பொருளில் துளைகள் இருக்க வேண்டும், அவையும் குறைந்தது 100 மைக்ரான் அகலம் இருந்தால்தான் எலும்பு உள்ளே வளரும் என்றார்கள். 300 மைக்ரான் இருந்தால் ரத்தக்குழாயும் உள்ளே போக வசதி என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். கட்டடம் கட்டும்போது சவுக்குக் கம்பால் சாரம் கட்டுவோமே, அதுதான் இது. கொத்தனார் ஏறி நின்று வேலை செய்ய இடம் வேண்டும், கலவைச் சட்டி போய்வர வழி வேண்டும், வேலை முடிந்ததும் சாரம் பிரிந்துவிட வேண்டும். எலும்பில் கொத்தனார் வேலை செய்வது நம் செல்கள். 1974ல் டெல்லா ராய் என்ற பெண் விஞ்ஞானி பவளப் பாறையையே எடுத்து, அதன் துளைகள் கெடாமல் எலும்புத் தாதுவாக மாற்றிக் காட்டினார். அவர் கணவர் ருஸ்தம் ராய் நம் ராஞ்சியில் பிறந்தவர். ராமேஸ்வரம் பக்கம் போனவர்கள் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை எடுத்துப் பாருங்கள், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று புரியும்.

பவளம் அதன் இஷ்டப்படி வளர்ந்தது. நோயாளியின் இடைவெளிக்கு அளவெடுத்து எப்படிச் செய்வது? இங்கேதான் பிரிண்டர் வருகிறது. 1989ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சாக்ஸ், சீமா குழுவினர், பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் பசையைத் துளித்துளியாக விட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கு என்று உருவம் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார்கள். இன்னொரு முறை 1990களில் வந்தது. அது நம் வீட்டு இடியாப்ப உழக்கு வேலையேதான். செராமிக் மாவைக் கெட்டியாகப் பிசைந்து, மெல்லிய குழல் வழியாக இழை இழையாகக் குறுக்கும் நெடுக்கும் பிழிகிறார்கள். இரண்டு முறையிலும் அச்சடித்த உடனே எலும்பு வந்துவிடாது. பச்சைச் செங்கலைச் சூளையில் வைப்பது போல 1,000 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். சுடும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுப் பெரிதாக அச்சடிக்காவிட்டால் இடைவெளியில் கடகடவென்று ஆடும். வீடியோவில் இந்தச் சூளையைக் காட்டுவதே இல்லை.

இனிதான் சோதனைகள்.

முதல் சோதனை, நசுக்கிப் பார்ப்பது. இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து உடையும்வரை அழுத்துவார்கள். மெகாபாஸ்கல் என்று ஒரு அலகு. ஒரு மெகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் பத்து கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் எலும்பின் உள்ளே பஞ்சு போன்ற பகுதி தாங்குவது சுமார் 2 முதல் 12 வரை. காலெலும்பின் கெட்டிச் சுவர் 100க்கு மேல் தாங்கும். துளையுள்ள அச்சுச் சாரங்கள் பெரும்பாலும் பஞ்செலும்போடுதான் போட்டி போடுகின்றன, கெட்டிச் சுவரோடு அல்ல. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுஸ்மிதா போஸ், அமித் பந்தோபாத்யாய் குழுவினர் 2012ல் வெளியிட்ட ஆய்வில், கொஞ்சம் சிலிக்காவும் துத்தநாக ஆக்சைடும் சேர்த்து அந்த வலுவை இரண்டரை மடங்கு ஆக்கினார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அழுத்தத்தைத் தாங்குவது வேறு, வளைவைத் தாங்குவது வேறு. சாக்பீஸை நிமிர்த்தி வைத்து மேலே கையை வைத்து அழுத்துங்கள், நிற்கும். இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள், டக்கென்று ஒடியும். அடுப்பில் சுட்ட கோழி எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள். செராமிக்கில் தாது இருக்கிறது, நார் இல்லை. படியில் இறங்கும்போதும் திரும்பும்போதும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு வளைவையும் முறுக்கையும் சேர்த்துத்தான் தாங்குகிறது.

இரண்டாவது, ஊறப்போடுவது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கொகுபோ 1990 வாக்கில், நம் ரத்த நீரில் இருக்கும் உப்புகளை அதே அளவில் கலந்து ஒரு கரைசல் செய்தார். 37 டிகிரியில் அதில் சாரத்தை வைத்தால், மேலே எலும்புத் தாது பூக்கிறதா என்று பார்க்கலாம். பூத்தால் நல்ல அறிகுறி. ஆனால் பூத்ததெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை, பூக்காத சில பொருள்கள் நன்றாக ஒட்டுகின்றன என்று 2009ல் போனர், லெமேத்ர் என்ற இருவர் எழுதி ஒரு விவாதமே நடந்தது. யூனிட் டெஸ்ட் மார்க்கை வைத்துப் பிள்ளையை எடை போடாதே என்று எங்கள் தலைமையாசிரியர் சொல்வார். அதே கதை.

மூன்றாவது, எலும்புச் செல்களைச் சாரத்தில் வளர்த்துப் பார்ப்பது. பிறகு எலி, முயல், ஆடு. விலங்கில் சோதிக்கும்போது தானாக ஆறவே ஆறாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும், சும்மா விட்ட ஒரு கூட்டமும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆல்பீயின் முயல் இங்கே திரும்ப வருகிறது. அந்த வாயில்லா ஜீவன்களை நினைத்தால் எனக்கு மனது சங்கடப்படுகிறது. ஆனாலும் அவற்றைத் தாண்டிவிட்டு நேராக மனிதன் காலில் வைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நம் நாட்டில் இது நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இதய வால்வை உருவாக்கிய இடம். வலியத்தான் தலைமையில் மாதிரி மேல் மாதிரியாகத் தோற்று, ஆடுகளில் சோதித்து, 1990 டிசம்பரில்தான் முதல் மனிதருக்கு வைத்தார்கள். அதே நிலையத்தில் எலும்புத் தாதுவின் மேல் சிலிக்கா கலந்த பூச்சு கொடுத்த ஒரு செராமிக்கைச் செய்து, வெள்ளாடுகளின் தொடை எலும்பு இடைவெளியில் அந்த ஆடுகளின் சொந்தச் செல்களோடு வைத்துப் பார்த்து, 2009ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நம் கிண்டி ஐ.ஐ.டி.யில் சம்பத் குமார் குழுவினர் முட்டை ஓட்டிலிருந்து எலும்புத் தாது செய்யும் வழியை 2007ல் எழுதினார்கள். நாம் குப்பையில் போடுகிற முட்டை ஓடு! சென்னையில் மயில்வாகனன் நடராஜன் 1988 முதல் புற்றுநோயால் எலும்பை இழந்தவர்களுக்கு அளவெடுத்துச் செய்த உலோக எலும்பு வைத்துக் காலைக் காப்பாற்றினார். ஆனால் உலோகம் உலோகமாகவே இருக்கும். செராமிக் சாரத்தின் நோக்கம் தான் கரைந்து சொந்த எலும்புக்கு இடம் விடுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மனிதனுக்கு அச்சடித்த செராமிக் எலும்பு வைத்ததே இல்லையா? வைத்திருக்கிறார்கள். டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவர்கள் பத்து நோயாளிகளுக்கு அச்சடித்த கால்சியம் பாஸ்பேட் துண்டுகளை வைத்ததை 2009ல் எழுதினார்கள். 2022ல் பெல்ஜியத்தின் செர்ஹம் நிறுவனத்தின் அச்சு எலும்புக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2023 இறுதியில் அமெரிக்காவிலும், செராமிக்கோடு பாலிமர் கலந்த ஒன்றுக்கு அனுமதி வந்தது. மூன்றுக்கும் ஒரே இடம்: முகமும் தாடையும். உடம்பின் எடை அங்கே ஏறி நிற்பதில்லை, அதனால்தான் முதலில் அங்கே. தீப்பெட்டிப் பெண்கள் இழந்த அதே தாடை. அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். "வீடியோவில் வருவது நிஜம்டா. ஆனா அது கன்னத்துக்கும் தாடைக்கும். உன் தம்பிக்கு வேண்டியது காலுக்கு. எடை தாங்குகிற காலெலும்பு இடைவெளிக்கு இது வழக்கமான வைத்தியமா வரலை. ஆறு மாசம் சும்மா படுத்திருந்தா மூட்டு இறுகிடும், சதை வத்திடும். அட்வான்ஸ் கேக்கறவர்கிட்ட எந்த அரசு அனுமதி, எந்த உறுப்புக்கு அனுமதின்னு எழுத்துல கேளு. தரலைன்னா போனை எடுக்காதே. இடுப்பெலும்பைப் பத்தின பயத்தை டாக்டர்கிட்டயே நேரா சொல்லு. எவ்வளவு எடுப்பாங்க, எப்ப நடக்கலாம், செராமிக் துகளை அதோட கலந்து எடுக்கிற அளவைக் குறைக்க முடியுமா, ரஷ்யாக்காரர் இலிசரோவ் கண்டுபிடிச்ச வளையம் போட்டு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரா வளர்க்கிற வழி இவனுக்குப் பொருந்துமா, எல்லாத்தையும் கேளு. கேட்டா கோவிக்க மாட்டாங்க."

கேட்டிருக்கிறான். அந்த வளையம் இவனுக்குத் தேவையில்லை, இடுப்பெலும்பே போதும் என்றாராம். எடுக்கப்போவது இடுப்பு மேட்டின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம்தான், சில வாரம் வலிக்கும், நடையைக் கெடுக்காது என்று படம் வரைந்து காட்டினாராம். அம்மா அந்தப் படத்தை வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்களாம்.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் தயாராக இருக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கும் பிள்ளைகளில் அந்த வகை உள்ளவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், நம்பர் தருகிறேன். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.